இருபது ராத்தல் மணல்

மனிதனின் முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நானும் அம்மாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே என் தம்பிக்கு மயக்கம் கொடுத்துக் காலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் டிரெசர் வெளியே வந்து, கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எங்கள் முன்னால் நீட்டினார். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கட்டுப்போடுகிறவரை மலாயாவில் டிரெசர் என்போம். இவர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். அந்த உரிமையில்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

"இதாம்மா உள்ள கிழிஞ்சு கிடந்துச்சு. மடங்கி நடுவுல மாட்டிக்கிட்டதாலதான் கால நீட்ட முடியல. டாக்டர் எடுத்துட்டாரு," என்றார்.

தேங்காய்ப் பத்தை அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. பிறையாக வளைந்து, ஓர் ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தது. நான் வாயடைத்துப் போனேன். என் வாய் அடைபடுவது எங்கள் தெருவில் ஒரு செய்தி. அந்த முழங்காலுக்கு நான் எத்தனை முறை மஞ்சள் பற்றுப் போட்டிருப்பேன், எத்தனை சிராய்ப்பைக் கழுவியிருப்பேன். அதற்குள்ளே இப்படி ஒன்று இருபது வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதை ஒரு மனிதர் திறந்து, எடுத்து, திரும்ப மூடித் தைத்தும்விட்டார். தையல் என் பிழைப்பு. ஆனால் நான் தைத்ததெல்லாம் துணி.

அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை விரித்து, "இதைக் குடுங்க," என்றாள்.

"எதுக்கும்மா? இனிமே இது ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"எம்புள்ள ஒடம்புல இருந்தது. அதக் குப்பையில போடுவீங்களா?"

டிரெசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அம்மா அதை எங்கள் வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். நான் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து காலமானவர். அவருக்குப் பிறகு தம்பிக்குச் சரக்குக் கொட்டகையில் கிராணி வேலை கிடைத்தது. அதனால்தான் ரயில்வே வீடு எங்கள் கையை விட்டுப் போகவில்லை. வருகிற மூட்டையையும் போகிற மூட்டையையும் தராசில் ஏற்றி எடை பார்த்துச் சீட்டு எழுதுவது அவன் உத்தியோகம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் உத்தியோகத்தை அங்கேயே விட்டுவிட்டு ஹாக்கி மட்டையோடு திடலுக்கு ஓடிவிடுவான். ரயில்வே அணியில் அவன் ரைட் விங், வலது ஓரத்துக் கோட்டை ஒட்டி ஓடுகிறவன். காலில் செருப்புக்கூடப் போடாமல் அவன் ஓடுவதைப் பார்க்க, பணிமனையில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். எனக்கு அவனைவிட இரண்டு வயது அதிகம். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் என் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள் என்பது அம்மாவின் புலம்பல். ஆக, வீட்டில் ஒரே ஓட்டம்தான்.

அடிபட்ட அன்று அவனை யாரும் அடிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு ஆறவில்லை. வேகமாக ஓடி வந்தவன், இடது காலை ஊன்றி, உடம்பை உட்பக்கம் திருப்பிப் பந்தை நடுவுக்கு அடித்தான். அவன் ஆயிரம் முறை செய்த காரியம். உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. விழுந்தவனை நாலு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டபோது முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்தார்கள். சீன வைத்தியர் ஒருவர் இழுத்துப் பார்த்தார். மலாய்க்காரப் பாட்டி ஒருத்தி இலை வைத்துக் கட்டினாள். ஒன்றரை மாதம் எங்கள் வீடு எண்ணெய்ச் செட்டியார் கடை மாதிரி மணத்ததே தவிர, கால் நீளவில்லை. கடைசியில் டிரெசர்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை டிரெசர் தமிழில் எங்களுக்குச் சொன்னார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் தொடையில் சதை திரும்பி வராமல் ஓடினானென்றால் முழங்கால் மறுபடி நொடிக்கும். இன்னொரு முறை நொடித்தால் கால் விறைத்துப் போகும், அதற்கு அறுவையும் கிடையாது.

அம்மா உடனே, "இனிமே அந்த மட்டையத் தொடாத, தம்பி," என்றாள்.

"தொடாம இருக்க முடியாதும்மா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த மாதங்களில் அதை எத்தனை முறை சொன்னாளோ, எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அவன் வேட்டியை ஒதுக்கி இரண்டு தொடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினபோதுதான் எனக்கு நிலைமை உறைத்தது. வலது தொடை பழைய தொடை. இடது தொடை யாரோ வேறொருவருடையது. தோல் தொங்கி, நான் இரண்டு கையால் வளைத்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும்படி இருந்தது. மூன்றே மாதத்தில் ஒரு மனிதனின் சதை இப்படிக் கரையுமா என்று மலைத்துப் போனேன்.

டிரெசர் ஒரு வழி சொன்னார். ஒரு பையில் மணலை நிரப்பிக் கணுக்காலில் தொங்கவிட வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால் நேராகும் வரை பையைத் தூக்க வேண்டும். பத்து எண்ணும் வரை நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். காலையில் நூறு, மாலையில் நூறு. ஐந்து ராத்தலில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு ராத்தல் ஏற்ற வேண்டும். இருபது ராத்தலை அசங்காமல் தூக்கினால் ஆடப் போகலாம். அதற்கு ஒரு ராத்தல் குறைந்தாலும் கூடாது.

"இது யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

"என் பொறுப்பு," என்றேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பல நாள் நொந்துகொண்டேன்.

அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டையின் ஒரு காலை வெட்டிப் பையாகத் தைத்தேன். அடியில் இரட்டைத் தையல், வாயில் இழுகயிறு. மணலுக்குப் பஞ்சமில்லை. மழையில் தண்டவாளம் ஈரமானால் இஞ்சின் சக்கரம் வழுக்கும், அப்போது சக்கரத்துக்கு முன்னால் தூவுவதற்காகக் கொட்டகையில் மணலை வறுத்துக் காயவைத்திருப்பார்கள். அதில் ஒரு சாக்கு வாங்கி வந்தோம். வெள்ளை வெளேரென்று, சலித்த மாவு மாதிரி மணல். ஒரு பால் டின் நிறைய அள்ளினால் சரியாக ஒரு ராத்தல். தம்பியே கொட்டகைத் தராசில் அதை நிறுத்துப் பார்த்து வந்து சொன்னான். ஐந்து டின் போட்டுத் தொடங்கினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் பின்கட்டில் சாக்கைத் திறந்து ஒரு டின் மணல் போடுவது என் வேலை.

முதல் நாலு வாரம் நான் நேர்மையாகத்தான் போட்டேன். ஒன்பது ராத்தல் ஆயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் அவன் தூக்குவதைக் கதவருகில் நின்று பார்த்துவிட்டேன். அதுவரைக்கும் அவன் என்னை உள்ளே விட்டதில்லை. வாயில் துண்டைச் சுருட்டி வைத்துக் கடித்திருந்தான். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. ஒவ்வொரு முறை கால் நேரானபோதும் தொடை தனியாக நடுங்கியது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று மூக்கால் எண்ணினான். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கவில்லை. அழுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது. வேர்வை வடிவதைப் போல அதுவும் வடிந்தது, அவ்வளவுதான். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவன் இவன். இவ்வளவு உறுதி இவனுக்குள் எங்கே இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்கட்டில் உட்கார்ந்து, டின்னால் மணலை அள்ளினேன், சாக்குக்குள்ளேயே திரும்பக் கொட்டினேன். கொட்டுகிற சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது. பையை அப்படியே உள்ளே கொண்டுபோய், "இந்தாடா, பத்து," என்றேன்.

"சரிக்கா," என்றான்.

அடுத்த வாரம் பதினொன்று என்றேன், அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. பையில் ஒரு மணல்கூடக் கூடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துப் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை வராது. கையில் பை கனப்பது போல்தான் இருந்தது. மழைக்காலம், மணல் ஈரம் குடித்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்புச் செய்தவள் கைக்கு எதுவும் கனக்கத்தான் செய்யும். டிரெசர் தெருவில் எதிர்ப்பட்டு, "எத்தனை ராத்தல் ஆச்சு?" என்று கேட்டால், கூசாமல் பதினாலு என்பேன், பதினைந்து என்பேன். ராத்திரி சோறு இறங்காது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். யாரிடம் சொல்லி அழ முடியும்?

ஆனால் தொடை வளர்ந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. என் விரல்கள் தொட்டுக்கொண்ட இடத்தில் ஒரு விரல் இடைவெளி வந்தது, பிறகு இரண்டு விரல். ஒன்பது ராத்தலே இந்த வேலை செய்கிறது என்றால் டிரெசருக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் குற்றத்துக்கு அது தோதான நினைப்பு. தம்பி ரயில் பாதையோரமாகச் சாலாக் செலாத்தான் வரை நடந்து திரும்ப ஆரம்பித்தான். பிறகு அதே பாதையில் மெல்ல ஓடினான். வாரம் தவறாமல் திங்கட்கிழமை மட்டும், நாங்கள் எழுந்திருக்கும் முன்பே, ஆட்டச் சட்டையில் எதையோ சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

"திங்கக்கிழமை மட்டும் யாரடா பாக்கப் போற? லெவல் கிராசிங் வீட்டுப் பொண்ணா?" என்று கேலி செய்தேன்.

"ஆமா, ரொம்பக் கனமான பொண்ணு," என்றான். நான் வெறும் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து வாரம் முடிந்தது. டிரெசர் வீட்டுக்கு வந்து, அவனைக் கட்டிலில் உட்காரவைத்துப் பையைக் காலில் மாட்டினார். நான் அடுப்படிக்குப் போய், பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நின்றேன். பை இருபது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தெரிந்துவிட்டால் நல்லதே என்றும் நினைத்தேன். உள்ளேயிருந்து, "பிரமாதம் லா," என்ற சத்தம்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் அந்த ஊர் அணியோடு ஆட்டம். தம்பி பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

அம்மாவும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஆட்டக்காரர்களுக்கு அடுத்த பெட்டியில் நானும் அவளும் ஏறிக்கொண்டோம். பக்கத்துப் பெட்டியில் அவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். தம்பியின் குரலும் கேட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. பாதி வழி போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன், பொண்ணு," என்றாள்.

"என்ன தப்பு?"

"அவன் வலியில கிடந்து துடிக்கிறதப் பாக்க முடியல. அவன் வேலைக்குப் போனப்புறம் அந்தப் பையில இருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்துருவேன். ரெண்டு நாளைக்கு ஒருதரம், மூணு நாளைக்கு ஒருதரம். முருங்கை மரத்தடியில போட்டுருவேன். ஒனக்குத் தெரிஞ்சா நீ கத்துவியேன்னு சொல்லல."

முருங்கை மரத்தடிக் கல்லைச் சுற்றி மணல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுக்கு அம்மா ஏதோ சமாதி கட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எப்பலருந்து?"

"மூணு மாசம் இருக்கும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் ஒன்பது ராத்தலிலிருந்து மூன்று மாதக் கைப்பிடிகளைக் கழித்தேன். எப்படிக் கழித்தாலும் பையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியானால் என் தம்பி காலையும் மாலையும் வெறும் பையையா தூக்கினான்? அந்தக் கால் எதன் பலத்தில் இப்போது ஓடப் போகிறது? நான் செய்ததை அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக ஆளுக்குப் பாதி செய்த பாவம் அந்த ரயில் பெட்டியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

"எறங்கினதும் சொல்லிரு. ஆடவேணாம்னு சொல்லு," என்றாள் அம்மா.

சொல்லத்தான் ஓடினேன். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டக்காரர்கள் ஒரு லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் மாட்டுவண்டி பிடித்துத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அணிகளும் உள்ளே இறங்கியிருந்தன. கோட்டோரமாக நின்று அவனைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். ஏழு மாதமாக நான் பார்க்காத முகம் அது. சின்னப் பையனாக இருந்தபோது தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காட்டுவானே, அந்த முகம். என் நாக்கு எழவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கு என்னை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. நானே மன்னித்துக்கொள்ளவில்லை.

முதல் பாதியில் அவன் திரும்பவே இல்லை. கோட்டை ஒட்டி ஓடுவான், எதிரணியின் ஆறடிப் பஞ்சாபிக்காரர் தடுக்க வரும்போது நின்று, பக்கத்திலிருப்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவான். இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பும் அந்த அடியை மட்டும் அடிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர், "ரைட் விங் பயப்படுறான் லா," என்றார்.

நான் எழுந்து திரும்பி, "நீ வந்து ஓடிப் பாருய்யா. ஒன் தொப்பைக்குக் கோடு பத்தாது," என்றேன். அந்த மனிதர் ஆட்டம் முடியும் வரை வேறு வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரியாகிவிடட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பயப்படு, தம்பி. இன்றைக்கு முழுக்கப் பயந்துகொண்டே ஆடு. தோற்றால் தோற்றுப் போங்கள். நடந்து வீட்டுக்கு வந்து சேர்.

இரண்டாம் பாதியில் அவனுக்கு நீளமாக ஒரு பந்து வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினான். இது வேறு ஓட்டம். பழைய ஓட்டம். மூலை வரை போய்விட்டான். பஞ்சாபிக்காரர் குறுக்கே பாய்ந்து வந்தார். தள்ளிவிடப் பக்கத்தில் ஆள் இல்லை. அவன் இடது கால் தரையில் ஊன்றியதைப் பார்த்தேன். அதோடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. கூட்டம் கத்தியது. எனக்கு எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. அம்மா என் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

"திரும்பிட்டான்," என்றாள். "கண்ணத் தெறந்து பாரு. திரும்பிட்டான்."

திறந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. அவன் நடுவுக்கு அடித்ததை இன்னொருவன் தள்ளிவிட்டிருந்தான். என் தம்பி மூலையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான், நொண்டாமல், இரண்டு காலாலும். அந்த ஒன்றை நான் பார்க்கத் தவறிவிட்டேன். நாற்பது வருஷம் கழித்தும் அதற்காக வருத்தப்படுகிறேன். அதற்குப் பிறகு அவன் நாலு முறை திரும்பினான். நாலையும் இமைக்காமல் பார்த்தேன். கால் ஊன்றி நிற்கும், இடுப்பு சுழலும், முழங்கால் ஒரு கணம் எல்லாப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு, பிடித்து, விட்டுக்கொடுக்கும். உள்ளே அந்தத் துண்டு இல்லை. அது எங்கள் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. அது இல்லாமலே கால் திரும்பியது. கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. அம்மா இரண்டு கையையும் கூப்பியபடியே உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று.

திரும்பி வருகிற ரயிலில் அவன் எங்கள் பெட்டிக்கு வந்து புளிச்சோற்றை உருட்டி உருட்டித் தின்றான். அவன் தின்று முடிக்கும் வரை காத்திருந்து, அம்மா தன் பங்கைச் சொன்னாள். நான் என் பங்கைச் சொன்னேன். அவன் கை கழுவின தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அக்கா, நான் யாரு? சரக்குக் கிராணி. வர்றவன் போறவன் எல்லாம் எடையில ஏமாத்தப் பாக்குற எடத்துல ஒக்காந்திருக்கேன். நீ பத்துன்னு குடுத்த அன்னிக்கே கால் சொல்லிருச்சு. திங்கக்கிழமை கொண்டுபோயித் தராசுல வச்சேன். ஒம்பதுதான் இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் அந்த லெவல் கிராசிங் பெண் யாரென்று புரிந்தது. வாராவாரம் பையைக் கொட்டகைக்குக் கொண்டுபோயிருக்கிறான். தீப்பிடித்தால் அணைப்பதற்காக அங்கே சிவப்பு வாளிகளில் மணல் வைத்திருப்பார்கள். அதிலிருந்து அள்ளிப் போட்டு, நிறுத்து, கட்டி எடுத்து வந்திருக்கிறான்.

"அடுத்த வாரமே நான் போட்டதும் கொறைய ஆரம்பிச்சுருச்சு. அது அம்மாவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எத்தன கைப்பிடி எடுப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதனால வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்தல் கூடவே போட்டு வச்சிருவேன். கடைசி வாரம் இருபத்திமூணு தூக்கினேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அறிவிருக்காடா ஒனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

அவன் இடது முழங்காலை இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி இருந்தான்.

"சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் நிறுத்தியிருப்பீங்க," என்றான். "நிறுத்திட்டு என்ன செய்வீங்க? நான் தூக்குறதச் சும்மா ஒக்காந்து பாக்கணும். அது மணலவிடக் கனமில்லையா?"

பிள்ளை மனம் கல்லு என்று அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அன்று பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வருஷத்தில் என் வாய் இரண்டாம் முறையாக அடைபட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தான். நான் அவன் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, வாயைத் திறந்து பார்த்தேன். மேலே பழுப்பு நிறத்தில் முரட்டு மணல். கையை விட்டுக் கிளறினால் அடியில் இஞ்சின் மணல் கொஞ்சம், வெள்ளையாக. என் கையாலேயே தூக்கிக் கொடுத்த பையை, ஏமாற்றத் தொடங்கிய பிறகு நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதை என் கணுக்காலில் மாட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். பை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. கால் நேராகவில்லை. தொடை நடுங்கியது. இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினேன். ஒன்று என்று எண்ணக்கூட முடியவில்லை. அதை அவன் நூறு முறை, நாளைக்கு இரு வேளை. எனக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. ஈரத் துண்டோடு அவன் நின்றுகொண்டிருந்தான். கேலி செய்வான் என்று நினைத்தேன். அதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவனோ இடது காலை மடக்கி என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இழுகயிற்றைத் தளர்த்திப் பைக்குள் கைவிட்டு ஒரு கைப்பிடி மணலை எடுத்தான். பையைப் பழையபடி கட்டிவிட்டு எழுந்து, கையை மூடியபடியே முருங்கை மரத்தடிக்குப் போனான்.